முப்பது பிரேம்

குவோபியோ நூலகத்தின் கீழ்த்தளத்தில்
இரண்டு மணி நேரத்துக்கு ஓர் அறை தருகிறார்கள்.
ஒரு கணினி, ஒரு டிஸ்க் டிரைவ்,
முன்பு வந்தவரின் காதுச் சூடு ஆறாத ஹெட்போன்.
வெளியே நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.

அம்மாவின் கையெழுத்தோடு பதினொரு டிஸ்குகள்.
ஏழாவதில் "கோடை, மற்றவை" என்று மட்டும்.

ஆறு வரை தொல்லையில்லை.
ஏழில்
முதல் நிமிடம் உதட்டோடு ஒட்டி நடந்த பேச்சு
பத்தாவதில் நொண்டத் தொடங்கியது.
நாற்பதாவதில்
அண்ணன் தைஸ்தோ மெழுகுவர்த்திகளை ஊதி அணைத்துவிட்டான்.
வாயை மூடி நின்றபடியே
நாங்கள் அவனுக்குப் பாடிக்கொண்டிருந்தோம்.

மொத்தமாக நகர்த்திப் பார்த்தேன்.
தலை நேரானால் வால் கோணியது,
வால் நேரானால் தலை.
ஒரே அளவுப் பிசகு என்றால் நகர்த்தினால் தீரும்.
இது வளர்கிற பிசகு,
எங்கே தின்று வளர்கிறது என்று பார்க்க வேண்டும்.
பார்த்தேன்.
அத்தியாயம் மாறும் இடம்தோறும்
கால் நொடிக்கும் குறைவான ஒரு வெற்றுத் துணுக்கு
ஒலிக்குள் நுழைந்திருந்தது.
முள் எடுப்பதுபோல் பதினான்கையும் எடுத்தேன்.
பாட்டு முடிந்தது, பிறகு மெழுகுவர்த்தி அணைந்தது.

கடைசிக் காட்சி மட்டும் அடங்கவில்லை.

ஜூலை மாலை. சுருக்கம் விழாத ஏரி.
எட்டுகிற மட்டும் ஜூம் போட்டு, நடுங்கும் படம்.
அக்கரையில் ஒரு ஆள் விறகு பிளக்கிறார்.
கோடரி இறங்குகிறது.
கட்டை இரண்டாகச் சாய்கிறது.
அடுத்த கட்டைக்குக் குனிகிறார்,
அப்போதுதான்
டக்.

எண்ணினேன். முப்பது பிரேம்.
நொடிக்கு இருபத்தைந்து ஓடும் படத்தில்
ஒரு நொடியும் கொஞ்சமும்.
ஒலியைப் பிடித்து முப்பது பிரேம் முன்னால் இழுத்தேன்.
கோடரி விழ, டக்.
கோடரி விழ, டக்.
வேலை முடிந்தது என்று கோட்டை மாட்டிக்கொண்டேன்.
படத்தில் ஜூம் பின்வாங்கியது,
இக்கரை, படகுத்துறை, துறையில் எங்கள் நாய் ரெல்லு.
அது வாய் திறக்கும் முன்பே குரைத்தது.

திரும்ப ஓட்டினேன். வாய் திறக்கும் முன்பே.

கோட்டோடு உட்கார்ந்தேன்.
மின்னல் வெட்டியதும் இடி வரும்வரை
தைஸ்தோவும் நானும் விரல் விட்டு எண்ணிய இரவுகள்
அவ்வளவு நேரம் எங்கே போயிருந்தன?
நொடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டர்.
முப்பது பிரேமுக்கு நானூற்றுச் சொச்சம்.
வரைபடத்தைத் திறந்து
எங்கள் துறையிலிருந்து எதிர்க்கரைக் குடில்வரை
கோடு இழுத்தேன். நானூற்றுப் பத்து.

விவாகரத்துக்கு அடுத்த கோடையில்
அப்பா வாடகைக்கு எடுத்த குடில் அது.
சனிக்கிழமைகளில் படகு வலித்து வந்து எங்களை ஏற்றிக்கொள்வார்.
அம்மா வெளியே வரமாட்டாள்.
அந்தப் பக்கம் திரும்பியும் பாராதவள் என்றுதான்
இருபது வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்தோம்.

பதினோரு நிமிடம் ஓடுகிறது அந்தக் காட்சி.
பேச்சில்லை.
கேமராவுக்குப் பின்னால் ஒருத்தி மூச்சு விடுவது கேட்கிறது,
அது மட்டும் ஒரு பிரேம்கூடப் பிந்தாமல்.

இழுத்ததைப் பழைய இடத்தில் விட்டேன்.
முப்பது பிரேமையும்.
அம்மாவிடம் எதுவும் கேட்கப் போவதில்லை.

சேமித்து தைஸ்தோவுக்கு அனுப்பினேன்.
வேகமாகத் தள்ளிப் பார்ப்பவன். உடனே பதில்:
"கடைசியில் ஒலி பிந்துகிறது, சரிசெய்."
"சரியாகத்தான் இருக்கிறது" என்று எழுதினேன்.
"இல்லை, நன்றாகப் பார்" என்றான்.
நன்றாகப் பார் என்று நானும் எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

அடுத்த முறைக்காரர் உர்போ மார்த்திகைனன்
பெட்டி நிறைய கேசட்டுகளோடு
கண்ணாடிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.
விரல்கள் தெரிந்தன.
ஹெட்போனைக் கழற்றினேன்,
சத்தம் வந்தது.